இந்த மாத்திரை இன்னும் வேணுமா? டாக்டரும் பேஷண்டும் உக்காந்து பேச ஒரு வழி

மாத்திரைப் பைய மேசைல கொட்டச் சொன்னா அநேகமா ஒரே மாதிரி சத்தம்தான் வரும், சலசலன்னு பத்துப் பன்னெண்டு அட்டை, ரெண்டு மூணு பாதி காலியான பாட்டில், எப்பவோ வாங்கின ஒரு ஆயின்மென்ட். ஒவ்வொண்ணா எடுத்து "இது எதுக்குங்க?"ன்னு கேட்டா நாலஞ்சுக்கு பதில் டக்குன்னு வரும், பிரஷருக்கு, சுகருக்குன்னு. மீதிக்கெல்லாம் "டாக்டர் குடுத்தாரு". அதே அட்டைய டாக்டர்கிட்ட காட்டிக் கேட்டா "ஏற்கனவே ஓடிட்டு இருந்துச்சு, நான் கன்டின்யூ பண்ணேன்". அவர் எழுதறாருன்னு இவர் சாப்பிடறாரு, இவர் சாப்பிடறாருன்னு அவர் எழுதறாரு. மருந்தாளுநரா ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து பாத்த எனக்கு ஒண்ணு நல்லாத் தெரியும், நிறுத்தலாங்கற எண்ணம் ரெண்டு பக்கமும் இருக்கும், யாரு முதல்ல வாயத் திறக்கறதுங்கறதுலதான் வருஷக்கணக்கா இழுக்கும்.

பேஷண்ட் ஒத்துக்க மாட்டாங்கன்னு டாக்டருங்க நினைக்கறது தப்புக் கணக்கு. 2018-ல வெளிவந்த, அமெரிக்காவுல 65 வயசுக்கு மேல இருக்கறவங்ககிட்ட கேட்ட ஒரு பெரிய சர்வேல, டாக்டர் சரின்னு சொன்னா ஒரு மருந்தாவது நிறுத்தத் தயார்னு சொன்னவங்க 92 சதவீதம். "டாக்டர் சரின்னு சொன்னா" அப்படிங்கற வார்த்தையக் கவனிங்க, யாரும் தானா நிறுத்தறேன்னு சொல்லல, யாராவது கேப்பாங்களான்னு உக்காந்திருக்காங்க.

இதுக்கு மருத்துவத்துல டிப்ரிஸ்கிரைபிங்னு ஒரு பேரு இருக்கு, 2003-ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் வுட்வர்ட்னு ஒரு முதியோர் மருத்துவர் எழுதின கட்டுரையில இருந்து புழக்கத்துக்கு வந்துச்சு. எழுதினத யோசிச்சு, பேசி, கண்காணிப்போட திரும்ப எடுக்கறது, அவ்வளவுதான். டோஸக் குறைக்கறதும் இதுல சேத்தி, முழுசா நிறுத்தினாத்தான் கணக்குன்னு கிடையாது. கீழ எழுதியிருக்கறது இதுல புதுசா இறங்கற ரெண்டு தரப்புக்கும், அதாவது மாத்திரை போடறவங்க, அவங்க வீட்டாளுங்க ஒரு பக்கம், இப்பத்தான் பிராக்டீஸ் ஆரம்பிச்ச டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் இன்னொரு பக்கம். ரெண்டு பக்கத்தையும் ரெண்டு பேரும் படிங்க, எதிர்ல இருக்கறவங்களுக்கு என்ன பயம்னு தெரிஞ்சா பேச்சு சுலபமாகும்.

எதுக்கும் முன்னாடி: இன்னைக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க

இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கட்டுரைய பாதி படிச்சுட்டு அட்டையத் தூக்கி வீசறவங்க இருக்காங்க. சில மருந்து உடம்போட ஒட்டிப் பழகிடும், சட்டுனு விட்டா ஆபத்து. மெட்டோப்ரோலால், அட்டெனலால் மாதிரி இதயத் துடிப்பக் குறைக்கற மாத்திரைய திடீர்னு விட்டா படபடப்பு, நெஞ்சு வலி வரலாம். குளோனிடின விட்டா பிரஷர் எகிறும். ப்ரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்ட பல வாரமா போட்டவங்களுக்கு உடம்பு தானா சுரக்கறத நிறுத்தி வச்சிருக்கும், அத திடீர்னு எடுத்தா ஆள் சுருண்டு விழலாம். பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் குடுக்கற அல்பிரசோலம், குளோனசெபம் மாதிரி மாத்திரைய பல மாசம் போட்டுட்டு ஒரே நாள்ல விட்டா வலிப்பு வரைக்கும் போகும். வலிப்பு மருந்து, பார்க்கின்சன் மருந்து, மனச்சோர்வு மருந்து, தசை இறுக்கத்துக்குப் போடற பேக்லோஃபென், மார்ஃபின் மாதிரி ஓபியாய்டு வலி மருந்து எல்லாம் இதே கூட்டம்தான். இதயத்துல ஸ்டென்ட் வச்சவங்க ரத்தம் உறையாம இருக்கப் போடறத டாக்டர் சொல்லாம ஒரு நாள் கூட விடக்கூடாது. எலும்புக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ போடற டெனோசுமாப் ஊசி கூட அப்படித்தான், மாத்து மருந்து இல்லாம விட்டா முதுகெலும்பு முறிவு வர வாய்ப்பு கூடுது, இது நிறைய பேருக்குத் தெரியாது.

அதனால வேலைய இப்படிப் பிரிச்சுக்கங்க, வீட்ல செய்யறது தயாரிப்பு மட்டும், முடிவு எடுக்கறது டாக்டரோட உக்காந்து.

வீட்ல இருக்கற எல்லாத்தையும் ஒரே இடத்துல கொண்டாங்க

எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான். சீட்டுல இருக்கறது மட்டும் போதாது. கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், தோல்ல ஒட்டற பேட்ச், சீட்டு இல்லாம வாங்கற வலி மாத்திரை, சளிக்கு வாங்கின சிரப், வைட்டமின், மூலிகை மருந்து, பக்கத்து வீட்டுக்காரங்க "எனக்கு நல்லா கேட்டுச்சு"ன்னு குடுத்தது, தலையணை அடியில இருக்கற தூக்க மாத்திரை. சளி சிரப்பும் சில அலர்ஜி மாத்திரையும் சாதாரணமாத் தெரியும், ஆனா டைஃபென்ஹைட்ரமின் மாதிரி பழைய வகை அலர்ஜி மருந்து வயசானவங்களுக்கு குழப்பம், மலச்சிக்கல், மூத்திரம் அடைச்சுக்கறதுன்னு கொண்டு வரும், அத யாரும் மருந்துன்னே கணக்குல எடுக்கறது கிடையாது.

இங்க ரெண்டு விஷயம் அடிக்கடி சிக்கும். ஒண்ணு, ஒரே மருந்து ரெண்டு பேர்ல. ஒரு ஆஸ்பத்திரில ஒரு கம்பெனி பேர்ல எழுதினாங்க, இன்னொரு இடத்துல வேற பேர்ல, ரெண்டு அட்டையும் வேற கலர், ரெண்டையும் சேத்து போட்டுட்டு இருப்பாங்க. அட்டைல பெரிய எழுத்துல இருக்கற பேர விட்டுட்டு, கீழ பொடி எழுத்துல இருக்கற மருந்துப் பேரப் பாருங்க, லென்ஸ் வச்சாவது பாருங்க. இன்னொண்ணு, எழுதியிருக்கறது ஒண்ணு, போடறது ஒண்ணு. காலைல ரெண்டு ராத்திரி ரெண்டுன்னு சீட்டுல இருக்கும், அம்மா "ராத்திரி போட்டா தலை சுத்துதுன்னு விட்டுட்டேன்"னு சாவகாசமா சொல்வாங்க. திட்டாதீங்க. அது உண்மைல பெரிய தகவல், ராத்திரி டோஸ் இல்லாமலே பிரஷர் நல்லா இருக்குன்னா டாக்டருக்கு பாதி முடிவு அங்கயே கிடைச்சிடும், திட்டினீங்கன்னா அடுத்த தடவ சொல்ல மாட்டாங்க.

ஒரு பேப்பர், நாலு கட்டம்

ஒரு முழு பேப்பர்ல நாலு கட்டம் போடுங்க. மருந்துப் பேரும் டோஸும், எதுக்கு, யாரு எப்ப ஆரம்பிச்சாங்க, போட்ட பிறகு எப்படி இருக்கு. கம்ப்யூட்டர் வேணாம், கையெழுத்தே போதும். எழுதி முடிச்சுட்டு ரெண்டாவது கட்டத்த மேல இருந்து கீழ ஒரு தடவ பாருங்க, எங்கெல்லாம் காலியா இருக்கோ அங்கதான் பேச்சு ஆரம்பிக்கணும்.

காலியா இருக்கறதுல பெரும்பாலும் ஒரு காலத்துல நியாயமா ஆரம்பிச்சதாத்தான் இருக்கும். ஆஸ்பத்திரில பத்து நாள் வலி ஊசி போட்டப்ப வயிறு புண்ணாகாம இருக்கக் குடுத்த கேஸ் மாத்திரை, வலி ஊசி நின்னு மூணு வருஷம் ஆச்சு, பேண்டோபிரசோல் மட்டும் தினம் காலைல உள்ள போகுது. வார்டுல ராத்திரி குழப்பத்துல எந்திரிச்சு ஓடினாருன்னு நாலு நாளைக்குக் குடுத்த க்வெடியாபின், டிஸ்சார்ஜ் சீட்டுல ஏறி அப்படியே நின்னுடுச்சு. ரத்தம் கம்மியா இருந்தப்ப ஆரம்பிச்ச இரும்பு மாத்திரை. ஆரம்பிக்கறவங்களுக்கு காரணம் தெரியும், முடிக்கற தேதி மட்டும் யாரும் எழுதறதில்ல. இளம் டாக்டருங்களுக்கு இங்கயே ஒண்ணு சொல்லிக்கறேன், குறுகிய காலத்துக்கு எழுதறப்ப சீட்டுலயே "இத்தனை வாரம் மட்டும்"னு எழுதிடுங்க, பின்னாடி வர்ற ஆள் உங்களக் கும்பிடுவாரு.

சங்கிலி இருக்கான்னு பாருங்க

இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி, துப்பறியற வேலை மாதிரி. ஒரு மருந்தோட பக்கவிளைவ புது நோய்னு நினைச்சு அதுக்கு இன்னொரு மருந்து, அதோட பக்கவிளைவுக்கு மூணாவது. 1990-கள்லயே பவுலா ரோச்சான், ஜெர்ரி குர்விட்ஸ்னு ரெண்டு முதியோர் மருத்துவர்கள் இதப் பத்தி எழுதி ஒரு பேரும் வச்சாங்க, தமிழ்ல மருந்துச் சங்கிலின்னு வச்சுக்கலாம்.

ரொம்ப சாதாரணமாப் பாக்கறது: பிரஷருக்கு அம்லோடிபின். கணுக்கால் வீங்குது. வீக்கம்னா நீர் சேந்திருக்குன்னு நீர் பிரியற மாத்திரை. ஆனா அம்லோடிபினால வர்ற வீக்கம் சின்ன ரத்தக்குழாய்ல இருந்து கசியறது, உடம்புல நீர் அதிகமாகி வர்றது கிடையாது, அதனால நீர் மாத்திரைக்கு அது சரியா வடியாது. வடியலன்னு டோஸ் ஏத்துவாங்க. இப்ப பொட்டாசியம் குறையுது, அதுக்கு ஒரு சிரப். ராத்திரி மூணு தடவ பாத்ரூமுக்கு எந்திரிக்கறாரு, தூக்கம் கெடுது, தூக்க மாத்திரை. ஒரு நாள் இருட்டுல தடுமாறி விழறாரு. நாலு மருந்து, ஒரு எலும்பு முறிவு, ஆரம்பம் ஒரு அம்லோடிபின் டோஸ்.

இன்னும் இருக்கு. வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைட் மாசக்கணக்கா போட்டு கை நடுங்க ஆரம்பிச்சு பார்க்கின்சன் மருந்து ஏறறது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டு பிரஷர் ஏறி பிரஷர் மாத்திரை கூடறது. ஞாபக மறதிக்கு டொனெபெசில் போட்டதுல மூத்திரம் அடக்க முடியாம போய், அதுக்கு ஆக்ஸிபியூட்டினின். கடைசி ஜோடில ஒரு கூத்து இருக்கு, முதல் மருந்து மூளைல எந்த ரசாயனத்தக் கூட்டப் பாக்குதோ அதையேதான் ரெண்டாவது தடுக்குது, ஒரே வண்டிக்கு ரெண்டு பக்கமும் மாடு பூட்டின கதை.

கண்டுபிடிக்கற வழி சிம்பிள். பேப்பர்ல மூணாவது கட்டத்துல இருக்கற தேதியப் பாருங்க. ஒரு மருந்து ஆரம்பிச்சு அல்லது டோஸ் ஏத்தி கொஞ்ச நாள்ல புதுத் தொந்தரவு வந்து, அதுக்கு இன்னொண்ணு ஆரம்பிச்சிருந்தா அந்த ரெண்டு வரியையும் பேனால வட்டம் போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா"ன்னு கேளுங்க. முடிவ நீங்க சொல்ல வேணாம்.

எதுல ஆரம்பிக்கறது

ஒரு நேரத்துல ஒண்ணுதான். மூணையும் சேத்து நிறுத்திட்டு நாலாம் நாள் தலை சுத்தினா எதனாலன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

வயசானவங்களுக்கு எந்தெந்த மருந்து கெடுதலா முடியலாம்னு டாக்டருங்களுக்குச் சொல்ற சில பட்டியல் இருக்கு. 1991-ல மார்க் பியர்ஸ் ஆரம்பிச்சு வச்ச பியர்ஸ் பட்டியல, அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் புதுப்பிச்சுட்டே வருது, 2023-லயும் புதுசு வந்துச்சு. அயர்லாந்துல இருந்து வந்த ஸ்டாப் ஸ்டார்ட் பட்டியல் இன்னொண்ணு, அதுல நிறுத்த வேண்டியது மட்டும் இல்லாம விட்டுப்போனத ஆரம்பிக்கவும் சொல்லுது. பட்டியல்ல பேரு இருந்தா உடனே எடுத்துடணும்னு அர்த்தம் கிடையாது, யோசிக்கச் சொல்ற மணி அது, எதிர்ல இருக்கற ஆளப் பாக்காம பட்டியலப் பாத்து நிறுத்தறதும் பழக்கதோஷத்துல எழுதறதும் எனக்கு ஒண்ணுதான்.

பொதுவா எது கெடுதல் அதிகமா பண்ணுதோ, எது நிறுத்தறது சுலபமோ, எத அந்த ஆளே விடணும்னு ஆசப்படறாரோ, இந்த மூணும் சேர்ற இடத்துல ஆரம்பிக்கறது நல்லது. மூணாவத நிறைய டாக்டருங்க கேக்கறதே இல்ல. "இதுல எத விட்டா உங்களுக்கு நிம்மதி?"ன்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க, பதில் ரெடியா இருக்கும்.

சில உதாரணம். மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் வராத, ஸ்டென்ட் வைக்காத வயசானவர் "எதுக்கும் இருக்கட்டும்"னு தினம் போடற சின்ன ஆஸ்பிரின். 2018-ல வெளிவந்த ஆஸ்ப்ரீ ஆய்வுல 19,114 பேர், பெரும்பாலும் 70 வயசத் தாண்டினவங்க, ஆஸ்பிரின் போட்டவங்க ஊனமில்லாம வாழற காலம் கூடல, ரத்தக்கசிவுதான் கூடிச்சு. ஆனா ஏற்கனவே மாரடைப்பு வந்தவருக்கு இதே ஆஸ்பிரின் உயிர்காப்பு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சுகர் மாத்திரை இன்னொண்ணு. எண்பது வயசுல, நடக்கவே சிரமப்படற ஒருத்தருக்கு எச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகரக் காட்டற டெஸ்ட், 6.2 இருந்தா வீட்ல எல்லாரும் சந்தோஷப்படுவாங்க, எனக்கு வயித்துல புளியக் கரைக்கும். அந்த நிலையில 8 வரைக்கும் இருந்தாலே போதும்னு அமெரிக்க நீரிழிவு சங்கமே சொல்லுது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைல சுகர் ரொம்ப இறங்கினா வயசானவங்களுக்கு வேர்க்கறது நடுங்கறது எல்லாம் சரியா தெரியாம, குழப்பமாப் பேசறது, தடுமாறறது, விழறதுன்னு வரும், "வயசாயிடுச்சு"ன்னு வீட்ல விட்டுடுவாங்க.

பேஷண்ட் பக்கம்: எப்படிக் கேக்கறது

முதல்ல இதுக்குன்னே ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. காய்ச்சல்னு போயிட்டு கதவப் புடிச்சுக்கிட்டே "அப்புறம் டாக்டர், இந்தப் பதினாலு மாத்திரையும் வேணுமா?"ன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. போன்ல சொல்லும்போதே "மாத்திரை எல்லாத்தையும் ஒரு தடவ சரி பாக்கணும்"னு சொல்லிடுங்க, அந்தப் பேப்பரையும் பையையும் எடுத்துட்டுப் போங்க.

உள்ள போனதும் "நெட்ல படிச்சேன், இது கெடுதலாமே"ன்னு ஆரம்பிச்சா டாக்டர் காதுல அது "நீங்க தப்பா எழுதிட்டீங்க"ன்னுதான் விழும், மனுஷன்தானே. இப்படி ஆரம்பிச்சுப் பாருங்க: "டாக்டர், இத்தனை மாத்திரை போடறது கஷ்டமா இருக்கு, எது ரொம்ப முக்கியம், எதக் குறைக்க முடியும்னு நீங்களே பாத்து சொல்றீங்களா?" முக்கியமானது எதுன்னு முதல்ல கேட்டா, முக்கியமில்லாதது தானா வெளிய வரும்.

பிறகு ஒவ்வொண்ணுக்கும் கேக்க சின்னச் சின்னக் கேள்வி. இது எந்தப் பிரச்சினைக்கு? அந்தப் பிரச்சினை இப்பவும் இருக்கா? இத விட்டா என்ன ஆகும், எவ்வளவு நாள்ல தெரியும்? டோஸக் குறைச்சுப் பாக்கலாமா? மருந்து இல்லாம வேற வழி இருக்கா? எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்க நேரம் இருக்காது, நீங்க வட்டம் போட்ட ரெண்டுக்கு கேட்டா போதும். உங்களுக்கு எது முக்கியம்னும் சொல்லுங்க, "பகல்ல தூங்கி வழியாம பேரப்பிள்ளையோட இருக்கணும், அதுதான் எனக்கு வேணும்"னு சொன்னா டாக்டர் யோசிக்கற திசையே மாறும்.

டாக்டர் முடியாதுன்னா? காரணம் கேளுங்க, மரியாதையா. நல்ல காரணம் இருந்தா அதையும் பேப்பர்ல எழுதிக்கங்க, அதுவும் லாபம்தான், இனிமே "எதுக்கு"ன்னு கேட்டா உங்களுக்கே பதில் தெரியும். "சரி டாக்டர், மறுபடி எப்ப இதப் பத்திப் பாக்கலாம்?"னு கேட்டு ஒரு மாசத்தக் குறிச்சுட்டு வாங்க. "போட்டுட்டே இருங்க"ன்னு ஒரே வார்த்தைல காரணமில்லாம முடிச்சா இன்னொரு டாக்டர்கிட்டயோ மருந்தாளுநர்கிட்டயோ காட்டறதுல தப்பே இல்ல.

டாக்டர், நர்ஸ் பக்கம்: எப்படிச் சொல்றது

வாயில வரவே கூடாத ரெண்டு வாக்கியம் இருக்கு. ஒண்ணு, "இது தேவையில்லாத மாத்திரை". உடனே அவங்க மனசுல, அப்ப பத்து வருஷமா ஏன் முழுங்க வச்சீங்கன்னு கேள்வி வரும். ரெண்டாவது, "இந்த வயசுல இனி எதுக்கும்மா". சொல்றவர் அக்கறையாத்தான் சொல்றாரு, கேக்கறவங்களுக்கு கைகழுவிட்டாங்கன்னு தோணும், கூட வந்த மகன் முகத்தப் பாருங்க தெரியும். அதுக்குப் பதிலா "அன்னைக்கு உங்களுக்கு இது தேவைப்பட்டுச்சு, இப்ப உங்க உடம்பு மாறியிருக்கு, சிறுநீரகம் மருந்த வெளியேத்தற வேகம் குறைஞ்சிருக்கு, அதே டோஸ் இப்ப உங்களுக்கு அதிகம்"னு சொல்லிப் பாருங்க. யாரையும் குத்தம் சொல்லல, உண்மையும் அதுதான்.

கேள்வியில ஆரம்பிங்க, அறிவிப்புல ஆரம்பிக்காதீங்க. நான் ஓரமா நின்னு பாத்த ஒரு பேச்சு ஏறக்குறைய இப்படி:

"ஐயா, இந்தத் தூக்க மாத்திரை எப்ப ஆரம்பிச்சது?"

"ஆபரேஷன் பண்ணப்ப குடுத்தாங்க, நாலு வருஷம் இருக்கும்."

"இப்ப போட்டா நல்லா தூங்கறீங்களா?"

"தூங்கறேன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. ஆனா போடலன்னா சுத்தமா வராது."

"ராத்திரி எந்திரிக்கறப்ப தள்ளாடுதா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. பிறகு, "போன மாசம் ஒரு தடவ விழுந்தேன். வீட்ல சொல்லல."

டாக்டர் அப்பவும் நிறுத்தணும்னு சொல்லல. "போடலன்னா வராதுங்கறீங்களே, அது உடம்பு அதுக்குப் பழகிட்டதால. மெதுவா, ரொம்ப மெதுவா குறைச்சா அந்தப் பழக்கம் விடும். முயற்சி பண்ணிப் பாக்கலாமா? உங்களுக்கு ஒத்து வரலன்னா பழைய டோஸுக்குத் திரும்பிடலாம்." இந்தக் கடைசி வரிதான் கதவத் திறந்துச்சு. முயற்சிங்கற வார்த்தைய விடாம வச்சுக்கங்க, திரும்பி வர வழி இருக்குன்னு தெரிஞ்சா யாரும் ஒரு அடி எடுத்து வைப்பாங்க.

அப்புறம், வயசானவர் எதிர்ல இருக்கும்போது மகள் முகத்தப் பாத்துப் பேசாதீங்க. முழுங்கறவர் அவர், அவருக்குப் புரியற மாதிரி அவர்கிட்ட சொல்லுங்க, வீட்டாளுங்களுக்கு வேற பயம் இருக்கும், நிறுத்தி ஏதாவது ஆனா நாமதான் காரணம்னு, அதையும் வெளிப்படையா கேட்டு "இந்த முடிவுக்கு நான் பொறுப்பு, கூடவே இருக்கேன்"னு சொல்லுங்க.

இன்னொரு டாக்டர் ஆரம்பிச்ச மருந்துன்னா பெரும்பாலானவங்க கை வைக்க மாட்டாங்க, ஸ்பெஷலிஸ்ட் எழுதினது நமக்கெதுக்குன்னு. அந்த ஸ்பெஷலிஸ்ட் நீங்க பாத்துப்பீங்கன்னு இருப்பாரு. ஒரு போன் பண்ணுங்க, ரெண்டு வரி கடிதம் எழுதுங்க, பாதி நேரம் "ஓ, அது இன்னும் ஓடுதா?"ங்கற பதில்தான் வரும்.

கொழுப்பு மாத்திரை மாதிரி வருங்காலத்துக்காகப் போடற மருந்துக்கு ஒரு கேள்வி முக்கியம், பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும், அந்த ஆளுக்கு அவ்வளவு காலம் இருக்கா. இது சொல்றதுக்குக் கஷ்டமான பேச்சு. 2015-ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, தீராத நோயோட ஆயுள் குறைவா இருந்த 381 பேர்ல பாதிப் பேருக்கு ஸ்டாட்டின்ங்கற கொழுப்பு மாத்திரைய நிறுத்திப் பாத்தாங்க, 60 நாள்ல இறந்தவங்க விகிதத்துல பெரிய வித்தியாசம் இல்ல, நிறுத்தினவங்களோட வாழ்க்கைத் தரம் கொஞ்சம் மேலாவே இருந்துச்சு. இத பேஷண்ட்கிட்ட சொல்றப்ப எண்ணிக்கை வேணாம், "வருங்காலத்துக்கான மருந்தக் குறைச்சுட்டு இன்னைக்கு உங்களுக்கு வலி, மூச்சு, தூக்கம் இதப் பாக்கற மருந்துல கவனம் வைக்கலாம்"னா போதும்.

ரெண்டு பக்கமும் தகவல் போனா என்ன ஆகும்னு கனடாவுல க்யூபெக் மாகாணத்துல கேரா டானன்பாம் குழு சோதிச்சிருக்காங்க. 2014-ல வந்த முதல் ஆய்வுல தூக்க மாத்திரை போடற வயசானவங்களுக்கு அந்த மாத்திரையோட ஆபத்தையும் விடற வழியையும் சொல்ற ஒரு புத்தகம் மட்டும் நேரடியா அனுப்பினாங்க, ஆறு மாசத்துல 27 சதவீதம் பேர் விட்டுட்டாங்க, புத்தகம் போகாதவங்கள்ல 5 சதவீதம்தான். 2018-ல வந்த அடுத்ததுல நாலு வகை மருந்துக்கு, மருந்தாளுநர் மூலமா பேஷண்ட்டுக்கு ஒரு புத்தகம், டாக்டருக்கு ஒரு கடிதம், அதுல 43 சதவீதம் பேர் விட்டாங்க, இது எதுவும் போகாதவங்கள்ல 12 சதவீதம்தான். புது மெஷின் எதுவும் கண்டுபிடிக்கல, பேப்பர்தான்.

குறைக்கறது எப்படி, நடுவுல என்ன வரும்

சிலத நேரா நிறுத்தலாம், சிலதுக்குப் படி வேணும், அது டாக்டர் எழுதித் தரணும், வாய்ல சொன்னா மறந்துடும். தூக்க மாத்திரைக்கு கனடா வழிகாட்டில சொல்றது, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கால்வாசி கால்வாசியா குறைச்சு, கடைசில இன்னும் சின்னப் படியா அரைக்கால் அரைக்காலா. கடைசிப் படிதான் கஷ்டம், அங்க அவசரப்படாதீங்க. மாத்திரைய உடைக்கறதுக்கு முன்னாடி மருந்தாளுநர்கிட்ட கேளுங்க, மெதுவாக் கரையற மாதிரி செஞ்சத உடைச்சா மொத்த மருந்தும் ஒரே நேரத்துல உள்ள போயிடும்.

எல்லாரும் சறுக்கற இடம் இது: விட்ட உடனே தொந்தரவு வந்தா "பாத்தியா, மாத்திரை தேவைதான்"னு முடிவு பண்ணிடறது. கேஸ் மாத்திரைய எடுத்துக்கங்க. டென்மார்க்ல 2009-ல வந்த ஆய்வுல வயித்துல எந்தப் பிரச்சினையும் இல்லாத ஆரோக்கியமானவங்களுக்கு எட்டு வாரம் இந்த மாத்திரை குடுத்து நிறுத்தினாங்க, 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் மாதிரி தொந்தரவு வந்துச்சு, வெத்து மாத்திரை போட்டவங்கள்ல 15 சதவீதம். இல்லாத நோய மாத்திரை நிறுத்தினதே உண்டாக்கிடுச்சு, அடக்கி வச்ச அமிலம் கொஞ்ச நாள் அதிகமாச் சுரக்கும், சில வாரத்துல அடங்கும். இத முன்கூட்டியே சொல்லிட்டா பேஷண்ட் பயப்பட மாட்டாங்க. ஆனா முன்னாடி அல்சர்ல ரத்தம் கசிஞ்சவங்க, ரத்தம் உறையாம இருக்க மருந்து போடறவங்க, உணவுக்குழாய் ரொம்பப் புண்ணானவங்களுக்கு இந்த மாத்திரை தொடர நல்ல காரணம் இருக்கலாம், கேட்டுட்டு செய்யுங்க.

விட்டதால வர்ற தொந்தரவு பொதுவா குறைச்ச சில நாள்லயே வரும், முன்னாடி இல்லாத மாதிரி இருக்கும், மனச்சோர்வு மருந்துல தலைக்குள்ள ஷாக் அடிச்ச மாதிரி சுருக்குன்னு வர்றது மாதிரி, போகப் போகக் குறையும். நோய் திரும்பறது மெதுவா, வாரக்கணக்குல, பழைய மாதிரியே வரும், போகப் போகக் கூடும். எப்பவும் இப்படியே இருக்கும்னு இல்ல, சந்தேகம்னா நீங்களே தீர்ப்பு எழுதாம கேளுங்க.

நிறுத்தின பிறகு

கிளம்பறதுக்கு முன்னாடி மூணு விஷயம் எழுதி வாங்கிட்டு வாங்க: எதக் கவனிக்கணும், என்ன வந்தா உடனே கூப்பிடணும், எப்ப திரும்ப வரணும். பிரஷர் மாத்திரை குறைச்சா வீட்லயே பாத்து குறிச்சு வைங்க, சுகர் மாத்திரைன்னா சுகர் அளவு, தூக்க மாத்திரைன்னா எத்தனை மணிக்குப் படுத்தீங்க எத்தனை தடவ எந்திரிச்சீங்கன்னு ஒரு வரி. நல்லா ஆனதையும் எழுதுங்க, தலைசுத்தல் போச்சு, பசி எடுக்குதுன்னு, அதுதான் அடுத்த மாத்திரையப் பத்திப் பேச தைரியம் குடுக்கும்.

பேப்பர்ல நிறுத்தினத அடிச்சுட்டு விட்டுடாதீங்க, கீழ தனியா ஒரு இடம் போட்டு, எது, எந்தத் தேதி, ஏன்னு எழுதுங்க. இது ரொம்ப அவசியம், ஏன்னா ஆறு மாசம் கழிச்சு வேற ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா அவங்க பழைய சீட்டப் பாத்து எல்லாத்தையும் திரும்ப எழுதிடுவாங்க, நான் பாத்ததுல நிறுத்தின மருந்து திரும்ப உள்ள வர்றதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். பாக்கற ஒவ்வொரு டாக்டருக்கும், மாசாமாசம் வழக்கமா மருந்து வாங்கற கடைக்கும் மாறின பட்டியலக் குடுங்க, கடைக்காரர் பழக்கத்துல பழைய அட்டையச் சேத்துப் பைல போட்டுக் குடுத்துடுவாரு.

அப்புறம் மிச்சம் இருக்கற அட்டை. "காசு குடுத்து வாங்கினது, இருக்கட்டும்"னு அலமாரில வச்சா தூக்கம் வராத ஒரு ராத்திரி கை தானா அங்க போகும். ஆனா படிப்படியாக் குறைச்சுட்டு இருக்கறவங்க, குறைப்பு முழுசா முடியற வரைக்கும் அதத் தூக்கிப் போடாதீங்க. முடிஞ்சு டாக்டர் சரின்னு சொன்னதும், பழைய மருந்தத் திரும்ப வாங்கிக்கற மருந்துக் கடையோ ஆஸ்பத்திரியோ இருந்தா அங்க குடுத்துடுங்க, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு மட்டும் குடுக்காதீங்க.